ஒரே தூரம், இரண்டு பாதைகள்: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு

முதல் நாள்: சாங்கி

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் 15,349 கிலோமீட்டர். வழியில் எங்கும் இறங்காமல் பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானச் சேவைகளில் இன்று உலகிலேயே மிக நீண்டது இதுதான். இந்த வழித்தடத்தில் பறந்து பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. தூரத்தையும் நேரத்தையும் பற்றி நான் படித்து வைத்திருந்தவற்றை, இருக்கையில் அமர்ந்தபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொள்ள இதைவிடப் பொருத்தமான பயணம் அமையாது. நாள்தோறும் எழுத எண்ணியுள்ள இந்தக் குறிப்புகளில் முதலாவதைப் புறப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 15,349 என்ற எண்ணைப் பார்ப்போம். எந்த விமானமும் பறந்து அளந்த தூரமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. புவிப்பரப்பின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் அது. கணித நூல்கள் அந்தக் கோட்டைப் பெருவட்டத்தின் ஒரு வில் என்கின்றன. சாங்கி, நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 104 பாகையில் இருக்கிறது. கென்னடி விமான நிலையம் வட அட்சரேகை 40 பாகையைத் தாண்டி, மேற்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 74 பாகையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகை வேறுபாடு 178 பாகைக்கு மிக அருகில் வருகிறது என்பதால், ஒன்று உருண்டையின் இந்தப் பக்கம் என்றால் மற்றது நேர் பின்பக்கம். எனவே மிகக் குறுகிய வழி பசிபிக் மீதும் போவதில்லை, அட்லாண்டிக் மீதும் போவதில்லை; சீனா, மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, வடதுருவத்தை 300 கிலோமீட்டருக்கும் குறைவான நெருக்கத்தில் தொட்டுக் கடந்து, கனடாவின் பனித்தீவுகள் வழியே தெற்கே இறங்குகிறது. உலக உருண்டை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவர்கள் ஒரு நூலின் இரு முனைகளையும் இவ்விரு ஊர்களில் வைத்து இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். நூல் தானாகவே துருவத்தை நோக்கி வழுக்கிச் செல்லும். சுவரில் தொங்கும் தட்டையான படத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்ப முடியாததாகவே இருக்கும்.

விமானிகள் இதே தூரத்தை 8,288 கடல் மைல் என்பார்கள். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். பெருவட்டத்தின் ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கலையின் நீளத்திலிருந்து பிறந்த அளவு அது. புவியின் எந்த இரண்டு இடங்களுக்கு இடையிலும் இருக்கக்கூடிய அதிகபட்ச தூரம் சுமார் 20,000 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்தால், இன்றிரவு நான் கடக்கவிருப்பது அதில் முக்கால் பங்குக்கும் மேல். இனி புறப்பாட்டு அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் நாள்: பசிபிக் மீது

நள்ளிரவு தாண்டி 12.15க்கு விமானம் வாயிலிலிருந்து பின்னோக்கித் தள்ளப்பட்டது. பயணச்சீட்டில் அச்சிடப்படும் பயண நேரம் இந்தக் கணத்திலிருந்து தொடங்குகிறது. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டைகளை எடுத்த நேரம் முதல், சென்று சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் நேரம் வரை உள்ளதைத்தான் விமானத் துறையினர் 'பிளாக் டைம்' என்கிறார்கள். ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்வதும், வரிசையில் நிற்பதும் அதில் அடங்கும். நாங்கள் தரையை விட்டு எழுந்தபோது மணி 12.35. பறந்த நேரத்தைக் கணக்கிட வேண்டுமானால் அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.

இது ஏர்பஸ் ஏ350-900 வகையில், மிக நீண்ட பயணங்களுக்காகவே மாற்றியமைக்கப்பட்ட விமானம். வழக்கமான ஏ350-900 ஏறத்தாழ 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இது 1,65,000 லிட்டர் வரை கொள்ளும். மொத்தமே 161 இருக்கைகள்: 67 பிசினஸ் வகுப்பு, 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. காரணம் எளியது. இந்த விமானம் அதிகபட்சம் 280 டன் எடையுடன் எழலாம். தொட்டிகளை நிரப்பினால் எரிபொருள் மட்டுமே 130 டன்னுக்கு மேல் வந்துவிடும். தூரம் கூடக்கூட, எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருளைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கிறது. புறப்பட்ட சில மணி நேரம் கனம் அதிகம் என்பதால் தாழ்வாகவே பறந்து, எரிபொருள் தீரத்தீரப் படிப்படியாக உயரம் ஏறினோம். தொடக்கத்தில் 31,000 அடி என்று காட்டிய திரை, விடியும்போது 35,000 என்றும், கடைசிக் கட்டத்தில் 39,000 என்றும் காட்டியது.

திரையிலிருந்த வரைபடத்தைக் கண்டதும் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையார் பேச்சைத் தொடங்கினார். மகள் வீட்டுக்குப் போகிறவர். இந்த வழியில் அவருக்கும் இதுவே முதல் பயணம்.

"ஏன் தம்பி, நேராப் போகாம இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுதே, வழி தூரமாயிடாதா?"

"தூரம் கொஞ்சம் கூடத்தான்மா செய்யுது. ஆனா இந்தப் பக்கம் காத்து நம்ம முதுகுல தள்ளுது. அதனால நேரம் மிச்சமாகும்."

"அப்போ திரும்பி வரும்போது காத்து முகத்துல அடிக்குமே?"

இந்தப் பயணம் முழுவதற்கும் அதுதான் உயிரான கேள்வி. அவருக்கு அப்போது நான் சொன்ன விடையைத் திரும்பும் நாளில் எழுதுகிறேன். இப்போது காற்றை மட்டும் பார்ப்போம்.

ஜப்பானுக்குக் கிழக்கே, விடிந்து சிறிது நேரத்தில், திரையில் வந்த எண்களை அப்படியே குறித்துக்கொண்டேன். வெளி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 56 பாகை செல்சியஸ். பின்காற்று மணிக்கு 172 கிலோமீட்டர். தரைவேகம் மணிக்கு 1,076 கிலோமீட்டர். இந்த விமானத்தின் இயல்பான வேகம் ஒலியின் வேகத்தில் 85 விழுக்காடு. அந்தக் குளிரில் அது மணிக்கு ஏறத்தாழ 904 கிலோமீட்டருக்குச் சமம். எஞ்சிய 172 கிலோமீட்டரையும் கொடுத்தது காற்றேதான். எந்திரம் கூடுதலாக ஒரு துளியும் எரிக்காமல் கிடைத்த வேகம் அது. இறக்கை உணர்வது 904ஐ மட்டுமே. தரையில் நின்று பார்ப்பவருக்குத்தான் 1,076. விமானம் காற்றைக் கிழித்துச் செல்கிறது, அந்தக் காற்றோ தானே கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. இருவேறு வேகங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதைத் திரையில் கண்டபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி சொல்லி மாளாது.

மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் இந்தக் காற்றாற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். வெப்பமண்டலக் காற்றும் துருவக் காற்றும் சந்திக்கும் எல்லையில், வெப்ப வேறுபாடு மிகுந்திருக்கும் குளிர்காலத்தில் அது வலுத்து ஓடும். கோடையில் தளர்ந்து வடக்கே ஒதுங்கும். நான் செல்லும் மார்ச் மாதக் கடைசியிலும் அதற்கு நல்ல வேகம் இருந்தது. இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஓயிஷி வசாபுரோ என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920களில் டட்டெனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே கடுங்காற்று ஓடுவதைக் கண்டறிந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926இல் தம் அறிக்கையை, எல்லா நாட்டினருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழியைப் படித்தவர்கள் மிகச் சிலரே என்பதால் அது கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1944இல் ஜப்பான் மீது உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் எதிர்பாராத காற்றில் சிக்கித் திணறிய பிறகுதான் மற்ற நாடுகள் அதன் வலிமையை உணர்ந்தன. உலகத்துக்கென எழுதிய ஒருவரின் உழைப்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வீணாய்க் கிடந்ததே என்ற ஆற்றாமை, இதை எழுதும்போதும் எனக்கு இருக்கிறது.

கிழக்கே பறப்பவர்களுக்குப் பகல் சுருங்கிவிடும் என்பதையும் இன்று கண்ணால் கண்டேன். சூரியன் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. நாமும் அதை நோக்கியே விரைகிறோம். புறப்பட்டு ஐந்து மணி நேரத்தில் விடிந்தது. ஏழு மணி நேரம்கூட நீடிக்காமல், வட அமெரிக்கக் கரையை நெருங்கும்போது இருட்டிவிட்டது. இடையில் சர்வதேசத் தேதிக்கோடும் வந்துபோனது. செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில் அதைக் கடந்ததும் திங்கட்கிழமைப் பிற்பகலாகி, கனடா மீது நள்ளிரவு வந்தபோது அதே செவ்வாய் மறுபடியும் தொடங்கியது.

கென்னடியில் தரையைத் தொட்டபோது உள்ளூர் நேரம் விடியற்காலை 5.45, வாயிலில் நின்றது 6.05க்கு. பறந்த நேரம் 17 மணி 10 நிமிடம், பிளாக் டைம் 17 மணி 50 நிமிடம். திரை காட்டிய பாதையின் நீளம் 16,450 கிலோமீட்டர். கணக்கில் உள்ள தூரத்தைவிட 1,100 கிலோமீட்டர் கூடுதல். காற்றே வீசாதிருந்தால் இந்தப் பாதைக்கு 18 மணி 10 நிமிடம் ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள்: நியூயார்க்

உடம்பு இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. இரு ஊர்களின் கடிகாரங்களுக்கும் இப்போது சரியாகப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு. நியூயார்க்கில் குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் அது பதின்மூன்றாகும். இரவும் பகலும் தலைகீழாகிவிட்டதால், உடலின் உள்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் திருந்தும். இந்தக் குறுகிய தங்கலில் அது திருந்துவதற்குள் நான் ஊர் திரும்பியிருப்பேன்.

தூக்கம் வராத இரவில் இந்த வழித்தடத்தின் வரலாற்றை அசைபோட்டேன். சிங்கப்பூருக்கும் நியூயார்க் வட்டாரத்துக்கும் இடையே இடைநில்லாச் சேவை 2004 ஜூன் மாதம் தொடங்கியது. அப்போது சென்று இறங்கியது ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நெவார்க் விமான நிலையத்தில். தூரம் 15,344 கிலோமீட்டர், இன்றைய வழித்தடத்துக்கு ஐந்தே கிலோமீட்டர் குறைவு. அன்று பறந்த ஏ340-500 விமானத்துக்கு நான்கு எந்திரங்கள். எரிபொருள் விலை ஏற ஏற அந்தச் செலவைத் தாங்க முடியாமல் 2013 நவம்பரில் சேவை நின்றது. இரண்டே எந்திரங்களில் அதே தூரத்தைக் கடக்கும் ஏ350 வந்த பிறகு, 2018 அக்டோபரில் நெவார்க் சேவை உயிர்பெற்றது. 2020 நவம்பரில் கென்னடிக்கும் தொடங்கியது. தூரம் இடையில் ஒரு கிலோமீட்டரும் மாறவில்லை. அதை ஒரே மூச்சில் கடப்பது கட்டுப்படியாகுமா என்பதை எந்திரத்தின் சிக்கனம் முடிவுசெய்தது.

இன்னும் பின்னால் போனால் இலங்கைத் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு வழித்தடம் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததால், ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. அதை இணைக்க, 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் கேட்டலினா வகைக் கடல் விமானங்கள், அந்நாட்டின் பெர்த்திலிருந்து இலங்கையின் காலி நகருக்கு அருகில் உள்ள கொக்கலை ஏரி வரை 5,600 கிலோமீட்டருக்கும் மேல் இடைநில்லாமல் பறந்தன. பிடித்த நேரம் 27 முதல் 33 மணி நேரம். பகைவர் காதில் விழாதிருக்க வானொலியை மூடிவிட்டு, விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்த பயணிகளுக்கு அதற்கெனச் சான்றிதழும் வழங்கப்பட்டது. அதே தூரம் இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம். பதினேழு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பெரிதாகப் பேசும் நம்மைவிட, அந்தச் சிறிய கடல் விமானங்களுக்குள் ஒரு நாளுக்கும் மேல் ஒடுங்கியிருந்தவர்களே இந்தக் கலையின் முன்னோர்.

நான்காம் நாள்: நியூயார்க்

இன்று எழுத அதிகம் இல்லை. ஆனால் காற்றோடு பயண நேரத்தைத் தீர்மானிக்கும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. அது நாடுகளின் வான்வெளி.

பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியத்தின் வான்வெளி மேற்கு நாட்டு விமானங்களுக்கு அடைபட்டிருந்தது. ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ செல்ல, 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து வடதுருவத்தைக் கடந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிச் செல்லும் வழியைத் திறந்தது. பின்னர் சைபீரியா திறந்ததும் ஆங்கரேஜின் தேவை குறைந்தது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு ரஷ்ய வான்வெளி மீண்டும் மூடப்பட்டது. ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர்தான். ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்லாந்து விமானங்களுக்கு அதன்பின் ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் தேவைப்பட்டது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

வடதுருவ வழியில் காற்றும் குளிரும்கூடத் தடைதான். பன்னாட்டு விமானங்கள் பெரிதும் பயன்படுத்தும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை கழித்தல் 47 பாகை செல்சியஸ். துருவத்துக்கு மேலே வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பதால், விமானிகள் தொட்டியின் வெப்பத்தைக் கண்காணித்துக்கொண்டே போக வேண்டும். ஆகையால் படத்தில் மிகக் குறுகியதாகத் தெரியும் கோடு, பறப்பதற்கு மிக நல்ல கோடாக இருக்க வேண்டியதில்லை.

திரும்பும் நாட்கள்: அட்லாண்டிக் வழியாக

அந்த அம்மையாரின் கேள்விக்கு விடை இதுதான்: வந்த வழியே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிங்கப்பூரும் நியூயார்க்கும் உலகின் நேரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே கிழக்கு நோக்கி வந்த நாங்கள், மறுபடியும் கிழக்கு நோக்கியே புறப்பட்டு வீடு திரும்பினோம். அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கி, காஸ்பியன் கடல், இந்தியத் துணைக்கண்டம், வங்காள விரிகுடா என்று போயிற்று பாதை. இரு பயணங்களிலும் காற்று முதுகில். இரண்டும் சேர்ந்து உலகை ஒரு முழுச் சுற்று.

பசிபிக் வழியாகவே திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். வரும்போது சராசரியாகக் கிடைத்த அதே காற்று எதிரே வந்தால், 16,450 கிலோமீட்டருக்குப் பத்தொன்பது மணி நேரத்தைத் தாண்டும். இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. போகும்போது காற்று கொடுத்ததை வரும்போது எடுத்துக்கொண்டால் சரிக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. 900 கிலோமீட்டர் வேக விமானம் 100 கிலோமீட்டர் காற்றில் 16,000 கிலோமீட்டர் போனால், பின்காற்றில் 16 மணி நேரம், எதிர்காற்றில் 20 மணி நேரம், ஆக மொத்தம் 36. காற்றே இல்லாதிருந்தால் இரு வழிக்கும் சேர்த்து முப்பத்தைந்தரைதான். எதிர்காற்றில் கூடுதல் நேரம் பறக்க நேர்வதால், அதன் கெடுதலை நாம் கூடுதல் நேரம் அனுபவிக்கிறோம்.

கென்னடியில் இரவு 10.40க்குத் தள்ளப்பட்டும், நீண்ட வரிசையில் நின்று 11.15க்குத்தான் எழுந்தோம். அட்லாண்டிக் மீது விமானங்கள் செல்வதற்கான தடங்களை அன்றாடக் காற்றைப் பார்த்து, கிழக்கே போக ஒரு தொகுதி, மேற்கே போக ஒரு தொகுதி என நாளுக்கு இரண்டு முறை வகுக்கிறார்கள். இரவில் ஐரோப்பாவுக்குச் செல்லும் கூட்டத்தோடு நாங்களும் சேர்ந்துகொண்டோம். அயர்லாந்துக்கு மேற்கே விடிந்தது. காஸ்பியனைத் தாண்டிய பிறகு இருட்டிவிட்டது. சாங்கியில் இறங்கியபோது மணி 4.45, வாயிலை அடைந்தது 4.58. பறந்தது 16,800 கிலோமீட்டர்; பறந்த நேரம் 17 மணி 30 நிமிடம்; பிளாக் டைம் 18 மணி 18 நிமிடம். இதன் பறந்த நேரம் போன பயணத்தைவிட இருபது நிமிடமே அதிகம். கென்னடியின் வரிசைதான் மீதியைச் சேர்த்தது.

உலகைக் கிழக்காகச் சுற்றியவன் என்பதால், ஊரில் இருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயத்தை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேற்காகச் சுற்றிய மெகல்லன் குழுவினருக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளை அவர்கள் அடைந்தபோது, கப்பலின் நாட்குறிப்பில் புதன்கிழமை, கரையிலோ வியாழக்கிழமை. அக்குழுவில் இருந்து நாளும் தவறாமல் எழுதி வந்த பிகஃபெட்டா இதைக் கண்டு வியந்து பதிவுசெய்தார். அன்று தேதிக்கோடு வகுக்கப்படவில்லை. இன்று அந்தக் கோடு நமக்காக நாளைத் திருத்திவிடுகிறது.

இந்த வழித்தடத்தின் முதலிடம் நெடுநாள் நீடிக்காது. ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் தூரமுள்ள சிட்னி – லண்டன் இடைநில்லாச் சேவைக்குக் குவாண்டாஸ் ஆயத்தமாகி வருகிறது. 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு நடந்த சோதனைப் பயணம் 17,800 கிலோமீட்டரை 19 மணி 19 நிமிடத்தில் கடந்தது. அது கிழக்கு நோக்கிய பயணம். சிட்னியிலிருந்து லண்டனுக்குப் போகும் விமானம் ஆசியாவின் மீது எதிர்காற்றைச் சந்திக்க வேண்டும். 22 மணி நேரம் வரை பறக்கத் தக்கதாக விமானத்தை வடிவமைக்கிறார்கள். என் ஆவலெல்லாம் அந்தத் திசையின் நேரத்தைப் பற்றித்தான்.